தம்பிக்கு மூளையில கேவர்னோமாவாம், இது ஏன் வருது, வெடிக்குமா?

பட்டர்வொர்த்_ராணி

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க, எங்கயாச்சும் கொட்டித் தீர்க்கணும் போல இருக்கு.

என் தம்பிக்கு 28 வயசு, பாயான் லெப்பாஸ்ல ஒரு பேக்டரியில டெக்னிஷன், ஷிப்ட் மாறி மாறி வரும். போன மாசம் நைட் ஷிப்ட் முடிஞ்சி வந்து கோப்பி குடிச்சிக்கிட்டு இருந்தவன் பேச்ச பாதியில நிறுத்திட்டு செவுத்தயே பார்த்தான், வாய மட்டும் எதையோ மெல்ற மாதிரி அசைக்கிறான், சட்ட பட்டன நோண்டிக்கிட்டே இருக்கான், கூப்பிட்டா திரும்பல, வெளையாடறான்னு நெனச்சிக்கிட்டு இருக்கும்போதே கை கால் இழுத்து கீழ விழுந்துட்டான். பக்கத்து வீட்டு ஆண்ட்டி ஓடி வந்து கையில சாவிக்கொத்த திணிச்சாங்க, அதுவா நின்னுச்சா சாவியால நின்னுச்சான்னு இன்னைக்கும் வீட்ல சண்ட.

ஆஸ்பத்திரியில சிடி ஸ்கேன் எடுத்து, எதோ வெள்ளையா தெரியுதுன்னு சொல்லி அப்பறம் எம்ஆர்ஐ எடுத்தாங்க. ரிப்போர்ட்ல இடது டெம்பரல் லோப்ல, அதாவது காதுக்கு மேல இருக்கற மூளப் பகுதியில, 1.4 சென்டிமீட்டர் கேவர்னோமா, பாப்கார்ன் மாதிரி தோற்றம், சுத்தி ஹீமோசிடெரின் வளையம், பக்கத்துல ஒரு டிவிஏ, புதுசா ரத்தக்கசிவு இல்லன்னு போட்டிருக்கு. டாக்டர் ரத்தக்குழாய் கொத்துன்னு மட்டும் சொல்லிட்டு வலிப்புக்கு லெவெட்டிராசெட்டாம்னு மாத்திர காலைல ஒன்னு ராத்திரி ஒன்னு எழுதிக் கொடுத்து நியூரோசர்ஜரி கிளினிக்குக்கு தேதி போட்டுட்டார், எங்க பின்னால கியூ எவ்வளவு நீளம்னு பார்த்ததுல எங்களுக்கும் கேக்க வாய் வரல.

இப்ப வீட்ல ஆளுக்கு ஒரு கத. சின்ன வயசுல ஊஞ்சல்ல இருந்து விழுந்தான் அதான்னு அம்மா அழுவறாங்க, ராத்திரி பூரா போன் பார்த்தா இப்படித்தான்னு பெரியப்பா, அத்தை நேரா செய்வினைக்கே போயிட்டாங்க. எனக்கு தெரிய வேண்டியது இது உண்மையிலயே எதனால வருது, வெடிக்குமா, எனக்கும் தங்கச்சிக்கும் ஸ்கேன் எடுக்கணுமா. இன்னொன்னு, அம்மா தைப்பூசத்துக்கு அவன் காவடி எடுப்பான்னு தண்ணீர்மலை முருகன் கோயில்ல வேண்டிக்கிட்டாங்க, அதுவும் முடியுமா தெரியல.

---

செந்தூல்_குமார்

சிஸ்டர், பயமுறுத்தறேன்னு நெனைக்காதீங்க, ஆனா சும்மா இருந்துடாதீங்க லா. என் மச்சானுக்கு இதே தான், மூளையில ரத்தக்குழாய் கொத்து, ஏவிஎம்னு சொன்னாங்க. 34 வயசு, ஜிம் போற ஆளு, ஒரு நாள் தலைய பிடிச்சிக்கிட்டு உக்காந்தவர் வாந்தி எடுத்து மயங்கிட்டார், ஸ்கேன்ல மண்டைக்குள்ள அவ்வளவும் ரத்தம். அன்னைக்கே மண்ட ஓட்ட தொறந்து ரத்தத்த எடுத்தாங்க, அப்பறம் தொடையில இருந்து வயர் விட்டு ஆஞ்சியோகிராம் பண்ணி பசை மாதிரி ஒன்ன உள்ள ஏத்தி அடைச்சாங்க, அதுக்கப்பறம் இன்னொரு ஆப்பரேஷன். இப்ப நடக்கறார், வலது கை மட்டும் சரியா வரல, சோறு இடது கையில தான் சாப்புடறார். இது டைம் பாம் மாதிரி தான், கசியல கசியலன்னு உக்காந்திருக்காம ஆஞ்சியோகிராம் எடுக்க சொல்லுங்க, இருக்கற காச பொரட்டி எடுத்துடுங்க.

---

லலிதா_மிஸ்ஸி

ராணி, நான் கோலாலம்பூர்ல நியூரோ வார்டுல ரொம்ப வருஷம் மிஸ்ஸியா இருந்து ரிட்டயர் ஆனவ, டாக்டர் இல்ல, அத மொதல்ல மனசுல வச்சிக்குங்க மா. குமார் தம்பி சொன்னது அவர் வீட்ல நடந்தது, பொய் இல்ல, ஆனா உங்க தம்பிக்கு இருக்கறது அது இல்ல. ரத்தக்குழாய் கொத்துன்னு பொதுவா சொன்னதுல தான் இந்த கொழப்பம். மூளையில கோளாறான ரத்தக்குழாய்னு பார்த்தா நாலு ஜாதி இருக்கு, ஏவிஎம், கேவர்னோமா, டிவிஏன்னு சொல்ற வெயின் கோளாறு, அப்பறம் ஒன்னுமே பண்ணாம கெடக்கற பொடிக் குழாய் விரிவு ஒன்னு, அத பத்தி கவலையே வேணாம்.

ஏவிஎம்ல என்னா ஆவுதுன்னா இருதயத்துல இருந்து வேகமா வர்ற ஆர்ட்டரி ரத்தம், நடுவுல பொடிக் குழாய்ங்க வழியா போயி வேகம் கொறையணும் இல்லயா, அந்த பொடிக் குழாய் அங்க இல்லாமயே நேரா வெயினுக்குள்ள போய் இடிக்குது. வெயினோட சுவர் அந்த பிரஷர தாங்கறதுக்கு செஞ்சது இல்ல, அதனால வீங்கி சுருண்டு ஒரு நாள் கிழிஞ்சா பிரஷரோட பீச்சி அடிக்கும், குமார் மச்சானுக்கு நடந்தது அது. வருஷத்துக்கு 2ல இருந்து 4 சதவீதம் வரைக்கும் கசியற வாய்ப்புன்னு சொல்லுவாங்க.

கேவர்னோமா அப்படி இல்ல. அது பொடிக் குழாயே அங்கங்க உப்பி, சின்ன சின்ன அறையா ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு இருக்கறது, உள்ள ரத்தம் ஓடறதே கெடயாது, தேங்கித் தேங்கி மெதுவா நகரும், பிரஷரும் கம்மி. அதனால தான் ஆஞ்சியோகிராம் எடுத்தா அது தெரியவே தெரியாது, சாயம் அதுக்குள்ள போய் சேர்றதுக்குள்ள படம் எடுத்து முடிஞ்சிரும். ஆஞ்சியோகிராம்ல தெரியாத இத எம்ஆர்ஐ தான் காட்டிக் கொடுக்கும், அதுலயும் எஸ்டபிள்யூஐன்னு ஒரு படம் இருக்கு, பழைய ரத்தம் துளி இருந்தாலும் கருப்பா காட்டிரும். பழைய கசிவு புதுக் கசிவு எல்லாம் கலந்து உள்ள வெள்ளையும் கருப்புமா இருக்கறதால தான் ரிப்போர்ட்ல பாப்கார்ன்னு எழுதறது, எல்லா ஊர் ரேடியாலஜிஸ்ட்டும் அப்படித்தான் எழுதுவாங்க.

சரி கசியாதான்னு கேட்டா, கசியும். அந்த அறைங்களோட சுவர்ல ஒத்த வரிச செல்லு தான், செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல இருக்கற பிடிமானமும் லூஸ், சுத்தி தாங்கறதுக்கு தசை இல்ல. அதனால சிவப்பணு கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்து செத்து அதுல இருக்கற இரும்பு அங்கயே படிஞ்சிரும், ஹீமோசிடெரின் வளையம்னு போட்டிருக்கறது அந்த இரும்புக் கறை தான். அந்த கறை மூளையோட மேல்பரப்ப உறுத்தறதால தான் வலிப்பு. டெம்பரல் லோப்ல இருக்கறதுக்கு இது ரொம்ப சகஜம், செவுத்த பார்க்கறது, வாய மெல்றது, சட்டய நோண்டறது எல்லாம் அந்த எடத்து வலிப்போட லட்சணமே, நீங்க அத டாக்டர்கிட்ட சொன்னீங்களா தெரியல, சொல்லலன்னா இப்ப எழுதன மாதிரியே எழுதி எடுத்துட்டு போங்க.

ஊஞ்சல், போன், செய்வினை மூனுமே இல்ல. கீழ விழுந்து இது வராது, விழுந்ததுக்கு ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலா தெரிய வரும், அவ்வளவு தான். சுமாரா 200 பேர்ல ஒருத்தருக்கு இது இருக்கு, பாதிக்கு மேல அவங்களுக்கே தெரியாம வயசாயிடறாங்க. அம்மாகிட்ட அத சொல்லுங்க, தாய்மாருங்க அந்த பழிய தூக்கி தலையில வச்சிக்குவாங்க, பார்த்திருக்கேன்.

இன்னொன்னு, சாவி எல்லாம் வேணாம் மா. வலிப்பு அதுவா நிக்கும், பெரும்பாலும் ரெண்டு மூனு நிமிஷத்துக்குள்ள. பக்கவாட்டுல ஒருக்களிச்சி படுக்க வைங்க, தலைக்கு அடியில துணி, வாயில எதையும் வைக்கக்கூடாது, கரண்டியும் வேணாம் தண்ணியும் வேணாம், மணியப் பாருங்க, 5 நிமிஷம் தாண்டுனா 999.

---

பட்டர்வொர்த்_ராணி

அக்கா ரொம்ப நன்றி, அம்மாகிட்ட படிச்சிக் காட்டுனேன். ஒன்னு கேக்கணும், மாத்திர ஆரம்பிச்சதுல இருந்து அவன் ஆளே மாறிட்டான். எதுக்கெடுத்தாலும் எரிஞ்சி விழறான், நேத்து ரசத்துல உப்பு கம்மின்னு தட்ட தள்ளி விட்டுட்டான், அவன் அப்படிப்பட்ட பையனே இல்ல. அத்தை பார்த்துட்டு நான் சொன்னேன்ல யாரோ வச்சிட்டாங்கன்னு ஆரம்பிச்சிட்டாங்க. கொத்து பெருசாவுதா, அதனாலயா?

---

லலிதா_மிஸ்ஸி

அது கொத்து இல்ல மா, மாத்திர. லெவெட்டிராசெட்டாமுக்கு தெரிஞ்ச பக்கவிளைவு இது, சில பேருக்கு கோவம், அழுகை, தூக்கக்கேடுன்னு வரும், வார்டுல பொண்டாட்டிமாருங்க வந்து இவருக்கு பேய் பிடிச்சிருச்சான்னு என்கிட்டயே கேட்டிருக்காங்க. ஆனா அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, திடீர்னு நிறுத்துனா வலிப்பு தொடர்ச்சியா வந்து அது தான் உண்மையான ஆபத்து. கிளினிக் தேதிக்கு காத்திருக்க வேணாம், போன் பண்ணி சொல்லுங்க, இல்ல நேரா போய் மிஸ்ஸிகிட்ட சொல்லுங்க, வேற மாத்திரைக்கு மெதுவா மாத்துவாங்க. கார்பமசெப்பின் கொடுக்கறதா சொன்னா மட்டும் எச்எல்ஏ-பி 1502 ரத்த டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேளுங்க, நம்ம பக்கத்து ஆளுங்கள்ல அந்த ஜீன் இருக்கறவங்களுக்கு அந்த மாத்திர தோலையே உரிச்சிரலாம். செத்துப்போயிடணும் போல இருக்குன்னு தம்பி எப்பயாச்சும் சொன்னா அன்னைக்கே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போகணும், நாளைக்கு பார்க்கலாம்னு விடக்கூடாது.

---

பிரகாஷ்_கேஎல்

இந்த திரெட்ட பார்த்துட்டு எழுதாம இருக்க முடியல, ஏன்னா எனக்கே இருக்கு, ஒன்னு இல்ல, எண்ணி முடியாத அளவுக்கு. எங்க அம்மாவுக்கும் இருந்துச்சி, அவங்களுக்கு வலிப்புன்னு மட்டும் தான் தெரியும், எம்ஆர்ஐ எல்லாம் அந்தக் காலத்துல யார் எடுத்தா. நான் பிரிக்பீல்ட்ஸ்ல அக்கவுண்ட்ஸ் வேல பார்க்கறவன், ஆனா இந்த நோவு வந்ததுல இருந்து பேப்பர் பேப்பரா படிச்சி அரை டாக்டர் ஆயிட்டேன்னு வீட்டுக்காரம்மா சொல்லும்.

ராணி கேட்ட எதனால வருது, எங்களுக்கும் ஸ்கேன் எடுக்கணுமா ரெண்டுக்கும் பதில் ஒரே எடத்துல தான் இருக்கு. கேவர்னோமாவுல ரெண்டு வகை. குடும்பத்துல ஓடறது ஒன்னு, சுமாரா அஞ்சுல ஒரு பங்கு ஆளுங்களுக்கு அது. சிசிஎம்1, சிசிஎம்2, சிசிஎம்3ன்னு மூனு ஜீன், ரத்தக்குழாய் செல்லுங்க ஒன்ன ஒன்னு பிடிச்சிக்கிட்டு நிக்கறதுக்கு இந்த மூனும் வேணும். இதுல எதாவது ஒன்னு அப்பா வழியாவோ அம்மா வழியாவோ கெட்டுப்போய் வந்தா, இன்னொரு காப்பி நல்லா இருக்கறதால பொறந்தவுடனே ஒன்னும் ஆவாது, அப்பறம் மூளையில எங்கயோ ஒரு செல்லுல அந்த நல்ல காப்பியும் கெட்டுச்சின்னா அந்த எடத்துல கொத்து ஆரம்பிக்கும். அதனால தான் எங்களுக்கு வயசாக ஆக புதுசு புதுசா வரும், போன எம்ஆர்ஐல இல்லாதது இந்த எம்ஆர்ஐல இருக்கும். பிள்ளைங்களுக்கு போறது ஒவ்வொன்னுக்கும் 50 சதவீதம். மூனுல சிசிஎம்3 தான் முரடு, சின்ன வயசுலயே கசியும். என்னுது சிசிஎம்1.

இன்னொன்னு குடும்பத்துல இல்லாம தனியா ஒருத்தருக்கு மட்டும் வர்றது, பெரும்பாலும் ஒன்னே ஒன்னு தான் இருக்கும், பக்கத்துலயே டிவிஏ இருக்கும். உங்க தம்பி ரிப்போர்ட் அப்படியே இது தான். எம்ஏபி3கே3, பிஐகே3சிஏன்னு ரெண்டு ஜீன் அந்த எடத்து செல்லுல மட்டும் மாறியிருக்குன்னு 2021ல கண்டுபிடிச்சாங்க, ரத்தத்துலயோ விந்துலயோ அந்த மாற்றம் இருக்காது, அதனால அடுத்தவங்களுக்கு போகாது. ஒன்னே ஒன்னு, டிவிஏ பக்கத்துல, குடும்பத்துல வலிப்போ சின்ன வயசு ஸ்ட்ரோக்கோ யாருக்கும் இல்லன்னா அக்கா தங்கச்சிக்கு ஸ்கேன் தேவையில்லன்னு தான் டாக்டருங்க சொல்லுவாங்க. ஆனா அந்த எம்ஆர்ஐல எஸ்டபிள்யூஐ இருந்துச்சான்னு மட்டும் கேட்டுடுங்க, அது இல்லாம எடுத்தா பொடிசுங்க தெரியாது, ஒன்னுன்னு நெனச்சது பலதா இருக்கலாம்.

சின்ன வயசுல கேன்சருக்கு தலையில ரேடியேஷன் வாங்குனவங்களுக்கும் பல வருஷம் கழிச்சி வரும், அது தனி கேஸ், உங்க தம்பிக்கு அப்படி எதுவும் இல்லன்னு நெனைக்கறேன்.

வெடிக்குமான்னு கேட்டீங்க. 2016ல 1,620 பேரோட விவரத்த ஒன்னா போட்டு கணக்கு எடுத்தாங்க, நான் எதையும் விட நம்பறது அத தான். மூளைத்தண்டுல இல்லாம, இதுக்கு முன்ன கசிவால பாதிப்பும் இல்லாம இருந்தவங்களுக்கு 5 வருஷத்துல கசியற வாய்ப்பு 3.8 சதவீதம். வருஷத்துக்கு இல்ல, மொத்தம் 5 வருஷத்துக்கு. அதே எடம், ஆனா ஏற்கெனவே கசிஞ்சிருந்தா 18.4. மூளைத்தண்டுல இருந்து கசியாம இருந்தா 8, தண்டுலயும் இருந்து கசிஞ்சும் இருந்தா 30.8. அதாவது பெருசா சின்னதாங்கறத விட எங்க இருக்கு, இதுக்கு முன்ன என்னா பண்ணுச்சி, இந்த ரெண்டு தான் முக்கியம். உங்க தம்பிக்கு வலிப்பு மட்டும் தான், கசிவு இல்ல, டெம்பரல்ல இருக்கு, அப்ப அந்த 3.8 கூட்டத்துல தான் வருவார். ஒரு தடவ கசிஞ்சிட்டா மொத ரெண்டு வருஷம் திரும்ப கசியற வாய்ப்பு கூட, அப்பறம் கொறஞ்சிரும், எனக்கே அப்படித்தான் ஆச்சி, மூனு நாளு இடது பக்க மூஞ்சி மரத்துப்போய், அடுத்த வருஷம் திரும்ப வந்து, அதுக்கப்பறம் கப்சிப்.

---

செந்தூல்_குமார்

பிரதர், புரியுது, ஏவிஎம் வேற இது வேறன்னு ஒத்துக்கறேன். ஆனா எங்க மச்சான் விஷயத்துல முன்னாடியே தெரிஞ்சிருந்தா எடுத்திருக்கலாம்ல? தெரிஞ்சப்பறமும் பார்த்துக்கிட்டு இருக்கணும்னு சொல்றது எனக்கு ஒப்பல லா.

---

பிரகாஷ்_கேஎல்

ஏவிஎம்லயே அந்த கேள்விக்கு சண்ட தீரல பிரதர். அரூபான்னு ஒரு ஆராய்ச்சி, 2014ல வெளி வந்துச்சி, கசியாத ஏவிஎம் இருக்கற 223 பேர ரெண்டு கூட்டமா பிரிச்சி ஒரு பக்கம் மருந்து மட்டும், இன்னொரு பக்கம் ஆப்பரேஷனோ பசையோ ரேடியேஷனோ. சராசரி 33 மாசத்துல ஸ்ட்ரோக்கோ சாவோ மருந்து பக்கம் 10.1 சதவீதம், கை வச்ச பக்கம் 30.7. ஆராய்ச்சிய பாதியிலயே நிறுத்திட்டாங்க. 33 மாசம் பத்தாது, 30 வயசு ஆளுக்கு இன்னும் 40 வருஷம் இருக்கேன்னு சர்ஜனுங்க கத்துனாங்க, அதுலயும் நியாயம் இருக்கு. அதனால தான் சைஸ், முக்கியமான எடமா, வெயின் ஆழத்துல வடியுதான்னு மூனையும் கூட்டி 1ல இருந்து 5 வரைக்கும் கிரேட் போட்டு பார்க்கறாங்க, கிரேட் 1, 2ன்னா எடுக்கறது லேசு, 4, 5ன்னா பெரும்பாலும் கை வைக்க மாட்டாங்க. உங்க மச்சானுக்கு கசிஞ்சப்பறம் எடுத்தாங்க, அது கரெக்ட், கசிஞ்ச ஏவிஎம் கத வேற.

கேவர்னோமாவுக்கு வந்தா, மாத்திரைக்கு அடங்காத வலிப்பு, இல்ல கசிஞ்சி எட்டற எடத்துல இருக்குன்னா தான் பொதுவா ஆப்பரேஷன் பேச்சு வரும். வலிப்புக்காக எடுக்கறப்ப கொத்தோட சேர்த்து சுத்தி இருக்கற இரும்புக் கறையவும் முடிஞ்ச அளவு சுரண்டி எடுப்பாங்க. பக்கத்துல இருக்கற டிவிஏவ மட்டும் தொடக்கூடாது, அது பார்க்க கோளாறா இருந்தாலும் நல்ல மூளையோட ரத்தம் அது வழியா தான் வடியுது. ராணி தம்பிக்கு இடது பக்கம், பேச்சு ஞாபகம் எல்லாம் அந்தப் பக்கம் தான் இருக்கும், அதனால சர்ஜன் அவசரப்பட மாட்டார், படவும் கூடாது.

---

ஜெலுத்தோங்_மணியம்

எல்லாரும் நல்லா எழுதறீங்க. எனக்கு 63 வயசு, என் மகளுக்கு கேவர்னோமா கசிஞ்சி தனியார் ஆஸ்பத்திரியில ஆப்பரேஷன் ஆச்சு. அந்தப் பிள்ளைக்கு காலேஜ் போகும்போது எடுத்த மெடிக்கல் கார்டு, மாசா மாசம் தவறாம கட்டுனோம். கடைசியில இது பிறவிக் கோளாறு, பாலிசியில வராதுன்னு இன்சூரன்ஸ் கம்பெனி கைய விரிச்சிட்டான். வீட்டு மேல கடன் வாங்கித்தான் கட்டுனேன். ராணி மாதிரி பிள்ளைங்க அத மொதல்ல பாருங்க.

அப்பறம் இன்னொரு சந்தேகம். நான் இருதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்புடறேன். குடும்பத்துல இது ஓடுதுன்னா எனக்கும் இருக்குமே, ஆஸ்பிரின் ரத்தத்த தண்ணி ஆக்கி உள்ள கசிய வச்சிடாதா?

---

பிரகாஷ்_கேஎல்

அங்கிள், மகளுக்கு ஒன்னா பலதான்னு கேளுங்க, ஒன்னுன்னா உங்களுக்கு இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி. ஆஸ்பிரின் விஷயத்துல எல்லாரும் உங்கள மாதிரி தான் பயந்தாங்க, ஆனா 2019ல அத ஆராய்ச்சி பண்ணி பார்த்தப்ப ஆஸ்பிரின் மாதிரி மருந்து சாப்புடற கேவர்னோமாக்காரங்களுக்கு கூடுதலா கசியல, சொல்லப்போனா கம்மியாதான் இருந்துச்சி. நீங்களா நிறுத்திட்டு ஹார்ட் அட்டாக் வாங்கிக்காதீங்க, இருதய டாக்டர்கிட்ட கேட்டுட்டு செய்ங்க. எனக்கு தலைவலிக்கு பனாடோல் தான் மொத சாய்ஸ், அது வேற விஷயம்.

பிறவிக் கோளாறுன்னு தள்ளுனத எதிர்த்து நீங்க அப்பீல் எழுதியிருக்கலாம், இன்னும் டைம் இருந்தா எழுதுங்க. கேவர்னோமா பிறந்தப்பறம் புதுசா வர்றது எம்ஆர்ஐல வரிசையா பதிவான விஷயம், எனக்கே மூனு ரிப்போர்ட்ட வச்சி பார்த்தா தெரியும். ஏவிஎம் கூட பிறவியிலயே வர்றதுன்னு தான் முன்ன நெனச்சாங்க, கேராஸ்னு ஒரு ஜீன் அந்தக் கொத்துல இருக்கற செல்லுல மட்டும் மாறியிருக்கறத 2018ல காட்டுனதுக்கப்பறம் அது அவ்வளவு உறுதியா யாரும் சொல்றது இல்ல. மகளோட நியூரோசர்ஜன்கிட்ட பிறவியிலயே இருந்ததுன்னு சொல்ல ஆதாரம் இல்லன்னு ஒரு லெட்டர் வாங்குங்க, கம்பெனி மறுபடி முடியாதுன்னா நிதி சேவைக்குன்னு இருக்கற ஓம்பட்ஸ்மன்கிட்ட புகார் கொடுக்கலாம், ஆனா அவன் இறுதி பதில் கொடுத்ததுல இருந்து அதுக்கு ஒரு கெடு இருக்கு, அத விசாரிச்சிக்குங்க.

---

லலிதா_மிஸ்ஸி

காவடி பத்தி யாருமே சொல்லலயே. ராணி, தூக்குனா குழாய் வெடிச்சிரும்னு பயப்படற அளவுக்கு ஆதாரம் கெடயாது, எக்சர்சைஸ் பண்றவங்களுக்கு கூடுதலா கசியுதுன்னும் யாரும் காட்டல. என் பயம் வேற. தைப்பூசத்துக்கு முந்துன ராத்திரி யாரு தூங்கறா, ரதம் பார்த்துட்டு விடியக்கால ரெண்டு மணிக்கு குளிச்சிட்டு கெளம்பி, வெறும் வயிறு, வெயில், உறுமி சத்தம், அலகு குத்தி அருள் வந்து மூச்சு வேகமா வாங்கி, கடைசியில தண்ணீர்மலையில 500க்கு மேல படி. தூக்கம் கெட்டது, தண்ணி வத்துனது, மாத்திரைய தவற விட்டது, மூச்சு வாங்கறது எல்லாமே வலிப்ப கூப்பிடற விஷயம் தான், படியில வச்சி வந்துச்சின்னா பின்னால வர்றவங்களுக்கும் சேர்த்து ஆபத்து. அதோட அருள் வந்திருக்கா வலிப்பு வந்திருக்கான்னு கூட்டத்துல யாருக்கும் தெரியாது மா, ஆட்டம்னு நெனச்சி உறுமிய இன்னும் ஏத்தி அடிப்பாங்க.

என்னைக் கேட்டா இந்த வருஷம் வேண்டாம். வலிப்பு அடங்கி ஒரு வருஷம் போகட்டும், அப்ப டாக்டர கேட்டுட்டு சின்னதா ஒரு பால்குடம், நல்லா தூங்கிட்டு வெயிலுக்கு முன்ன, கூட ரெண்டு பேரு. விரதம் இருக்கட்டும், மாத்திரைய மட்டும் நேரத்துக்கு தண்ணியில முழுங்கிடணும், முருகன் அதுக்கு கோவிச்சிக்க மாட்டார். அதே மாதிரி நைட் ஷிப்ட் மாத்தச் சொல்லி டாக்டர்கிட்ட லெட்டர் கேளுங்க, மோட்டோர்ல பாலம் தாண்டி போறதா இருந்தா அத ஒடனே நிறுத்துங்க, கம்பெனி பஸ் இருக்குமே. கடலுக்கு நீச்சல் போகக்கூடாது, பாத்ரூம் உள்ள தாழ்ப்பாள் போடக்கூடாது, கூச்சப்பட்டாலும் பரவால்ல.

---

பட்டர்வொர்த்_ராணி

கிளினிக் போயிட்டு வந்தோம். நீங்க சொன்னத எல்லாம் பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போனேன், டாக்டர் வாங்கி படிச்சிட்டு உண்மையிலயே நிதானமா உக்காந்து பேசனார். ஆப்பரேஷன் இப்ப இல்லயாம், மாத்திர மாத்தறாங்க, பழசு கொறைய புதுசு ஏற ஒரு மாசத்துக்கு மேல ஆவும், லாமோட்ரிஜின்னாம். எஸ்டபிள்யூஐ எடுத்திருக்காங்க, வேற எங்கயும் இல்ல, ஒன்னு தான், அதனால எனக்கும் தங்கச்சிக்கும் ஸ்கேன் வேணாம்னார். அடுத்த வருஷம் திரும்ப எம்ஆர்ஐ, நடுவுல புதுசா கை கால் மரத்தாலோ பேச்சு கொழறுனாலோ ரெண்டு பார்வை தெரிஞ்சாலோ ஒடனே வரணும். ஷிப்ட் லெட்டரும் கொடுத்துட்டார், சூப்பர்வைசர் மூஞ்சி சுளிச்சான், ஆனா பகலுக்கு மாத்திட்டான்.

காவடிக்கு டாக்டர் வாயே திறக்கறதுக்கு முன்ன தம்பியே வேணாம்னுட்டான். அம்மா நான் பால்குடம் எடுக்கறேன்னு நிக்கறாங்க, அவங்களுக்கு முட்டி வலி, அது அடுத்த பஞ்சாயத்து. அத்தை இன்னும் செய்வினைய விடல.

பிரகாஷ் அண்ணா, ப்ரோப்ரானோலால்னு ஒரு மாத்திர கேவர்னோமாவ சுருக்கும்னு தம்பி எங்கயோ படிச்சிட்டு வந்து கேக்கறான், உண்மையா?

---

பிரகாஷ்_கேஎல்

இத்தாலியில குடும்ப வகை ஆளுங்களுக்கு கொடுத்து பார்த்தாங்க, 2023ல ரிசல்ட் வந்துச்சி. பத்திரமா இருந்துச்சி, கொஞ்சம் நல்லதுக்கு போற மாதிரி தெரிஞ்சிச்சி, ஆனா ஆளுங்க கம்மி, இதான் மருந்துன்னு சொல்ற அளவுக்கு நிரூபணம் ஆகல. கொலஸ்ட்ரால் மாத்திர அட்டோர்வாஸ்டாட்டின வச்சியும் பார்த்தாங்க, அது கேக்கல. ப்ரோப்ரானோலால் ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு ஆவாது, நாடித்துடிப்பும் எறங்கும், கடையில வாங்கி முழுங்க வேணாம்னு சொல்லுங்க. உங்க தம்பிக்கு இருக்கற மாதிரி ஒத்தக் கொத்துக்கு அத கொடுக்கணும்னு எந்த டாக்டரும் என்கிட்ட சொன்னதில்ல.

அந்த எம்ஆர்ஐ படத்த டிஸ்க்ல ஒரு காப்பி கேட்டு வாங்கி வச்சிக்குங்க, ரிப்போர்ட் பேப்பர் மட்டும் பத்தாது. அடுத்த வருஷம் வேற மெஷின்லயோ வேற ஆஸ்பத்திரியிலயோ எடுத்தா பழைய படத்த பக்கத்துல வச்சி பார்த்தா தான் பெருசாச்சா இல்லயான்னு சொல்ல முடியும், எனக்கு ஒரு தடவ அது இல்லாம மொதல்ல இருந்து திரும்ப எடுக்க வேண்டியதா போச்சி.